தொழில் விசாவும் திருவுளச்சீட்டும்

பெயர்ப்பட்டியல் ஒன்றுக்காகக் காத்திருத்தல் வன்னிப் பெருநிலத்து மக்களுக்குப் புதிய அனுபவமன்று. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902 ஆம் ஆண்டிலே தொடங்கி, 1920 ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. அக்குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் கழனியாக்க வந்தவர்களுக்கு, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முடிக்குரிய காணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. விண்ணப்பகாரரை நேரில் அழைத்து விசாரிக்கும் கூட்டத்துக்குக் காணிக் கச்சேரி என்று பெயர். சொந்தக் காணி உண்டா, மணமானவரா, பிள்ளைகள் எத்தனை பேர், கமத்தொழிலிலே பழக்கம் உண்டா என்பன அங்கே கேட்கப்பட்ட வினாக்கள். விசாரணை முடிந்தபின் பெயர்ப்பட்டியல் வெளிவரும்வரை குடும்பங்கள் காத்திருந்தன. உருத்திரபுரம், வட்டக்கச்சி முதலிய குடியேற்றங்களிலே இன்று முதுமையடைந்திருப்போர் பலர் அவ்வாறு காத்திருந்தவர்களின் பிள்ளைகளே.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வேறு பட்டியல்களுக்காகக் காத்திருக்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இத்தகைய நிலையங்களிலே பட்டம் பெற்று, மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் ஒருவர், படிப்பு முடிந்தபின் அங்கே தொழில் செய்ய விரும்பினால் எச்-1பி எனப்படும் விசாவை நாடவேண்டும். பட்டப்படிப்புக்குச் செல்லாத இளைஞரோ கொரிய மொழிப் பரீட்சை எழுதி, தென்கொரியத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அழைப்பு வருமென எதிர்பார்த்திருப்பர். இரு சாராரும் காத்திருக்கின்றனர். ஆயின் அவர்கள் காத்திருப்பது ஒரே வகையான முடிவுக்கன்று.

அருமையான ஒரு பொருளைப் பலர் வேண்டிநிற்கையில் அதனைப் பங்கிடுவதற்குச் சில வழிகளே உண்டு. யாருக்குத் தேவை மிகுதியோ அவருக்குக் கொடுத்தல் ஒரு வழி. காணிக் கச்சேரி பெரும்பாலும் அவ்வழியைத் தழுவியது. தகுதியுடையார் அனைவரையும் சமமெனக் கொண்டு திருவுளச்சீட்டுப் போடுதல் இன்னொரு வழி. அமெரிக்க விசாத் தெரிவு பல ஆண்டுகளாக இவ்வழியில் நடைபெற்றது. வேலை கொடுப்பவன் தனக்கு வேண்டியவனைப் பொறுக்கியெடுத்தல் மூன்றாவது வழி. கொரிய முறையின் இறுதிக் கட்டம் இத்தகையது. தாம் எவ்வழியால் தெரிவு செய்யப்படுகின்றனர் என்பதை அறியாதவர்கள் முடிவின் பொருளையும் பிழையாகவே உணர்வர். சீட்டு விழாதவர் தமக்குத் தகுதியில்லையென்று மனம் உடைகிறார். பட்டியலிலே பெயர் ஏறியவர் பயணம் உறுதியாயிற்றென்று காணியை ஈடு வைக்கிறார். இரண்டும் அறியாமையால் வரும் துன்பங்களே.

திருவுளச்சீட்டின் இயல்பைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். உத்தரமேரூரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும்போது, முதலிலே நிலமும் மனையும் வயதும் கல்வியும் ஒழுக்கமும் ஆராயப்பட்டன. தகுதி பெற்றோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். பின்னர் ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், தகுதியை ஆராயும் வேலை குடத்துக்கு வெளியிலேயே முடிந்துவிடுகின்றது என்பதாகும். குடத்துக்குள் இருக்கும் ஓலைகளிடையே உயர்வு தாழ்வு இல்லை. ஓலையை எடுக்கும் சிறுவன் யாருடைய பெருமையையும் அறியான். ஆகவே ஓலை வாராதவர் தாழ்ந்தவரென்று ஊரார் கருதுவதற்கு இடமில்லை.

எச்-1பி விசாவின் குடம் எவ்வாறு அமைந்தது? 1990 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இவ்வகை விசாவுக்கு ஆண்டொன்றுக்கு 65,000 என எல்லை விதித்தது. இடையிலே சில ஆண்டுகள் அவ்வெல்லை 195,000 வரை உயர்த்தப்பட்டு, பின்னர் பழைய அளவுக்கே திரும்பியது. 2004 ஆம் ஆண்டின் சட்டமொன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலே முதுமாணிப் பட்டமோ அதற்கு மேற்பட்டதோ பெற்றவர்களுக்காக 20,000 இடங்களைச் சேர்த்தது. 65,000 இடங்களுள்ளும் 6,800 இடங்கள் சிலி, சிங்கப்பூர் ஆகிய நாட்டினருக்கென ஒதுக்கப்பட்டவை. வேண்டுவோர் தொகை இடங்களின் தொகையைப் பன்மடங்கு விஞ்சியமையால் சீட்டிழுப்பு வந்தது.

இதிலே தொழிலாளர் தாமாகப் பெயர் கொடுத்தல் இயலாது. அவருக்கு வேலை கொடுக்க உடன்பட்ட அமெரிக்க நிறுவனமே அவரைப் பதிவு செய்யவேண்டும். அவ்வேலை குறைந்தபட்சம் ஓர் இளமாணிப் பட்டத்தை வேண்டுகின்ற சிறப்புத் தொழிலாக இருத்தல் வேண்டும். 2020 ஆம் ஆண்டு தொடக்கம் மார்ச் மாதத்திலே மின்வழிப் பதிவு நடைபெறுகின்றது. பதிவுக் கட்டணம் முதலிலே 10 டொலராக இருந்து, 2025 ஆம் ஆண்டில் 215 டொலராயிற்று. மார்ச் முடிவதற்குள் கணினி பெயர்களைத் தெரிகின்றது. பெயர் விழுந்தவருக்காக நிறுவனம் ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து குறைந்தது 90 நாட்களுக்குள் முழு விண்ணப்பத்தை அனுப்பவேண்டும். அது ஏற்கப்பட்டால் ஒக்டோபர் முதலாந் திகதி வேலையைத் தொடங்கலாம்.

சில தொகைகளைப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 2023 மார்ச்சிலே தகுதியுடையவையென ஏற்கப்பட்ட பதிவுகள் 758,994, தெரிவானவை 188,400. நான்கிலே ஒன்று என்க. அவ்வாண்டில் ஒருவருக்காகவே பல நிறுவனங்கள் பதிவு செய்த சம்பவங்கள் பெருகின. ஒரே ஆளின் ஓலை குடத்திலே பலமுறை இடப்பட்டமையால் ஏனையோரின் வாய்ப்புக் குன்றியது. ஆகவே 2024 ஆம் ஆண்டு தொடக்கம், எத்தனை நிறுவனங்கள் பதிந்தாலும் ஒரு கடவுச்சீட்டுக்கு ஒரு பெயர் என்னும் விதி வந்தது. அவ்வாண்டின் பதிவுகள் 470,342 ஆகவும், 2025 ஆம் ஆண்டின் பதிவுகள் 343,981 ஆகவும் குறைந்தன. 2025 இலே தெரிவானவை 120,141. மூவரில் ஒருவருக்குச் சற்று மேலான வாய்ப்பு இது. இடங்கள் 85,000 ஆயிருக்கத் தெரிவு அதனினும் மிகுவது ஏன் என்று சிலர் ஐயுறலாம். பெயர் விழுந்தோர் எல்லோருக்கும் முழு விண்ணப்பம் அனுப்பப்படுவதில்லை. அனுப்பப்பட்டவை எல்லாம் ஏற்கப்படுவதுமில்லை. அதனை முன்னறிந்தே அதிகாரிகள் கூடுதலாகத் தெரிகின்றனர்.

மூவரில் ஒருவர் என்னும் கணக்கைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். மூன்று முறை முயன்றால் ஒரு முறை கட்டாயம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அமெரிக்காவிலே விஞ்ஞானமோ பொறியியலோ படித்த மாணவர் ஒருவர், பட்டம் பெற்றபின் ஓராண்டும், நீட்டிப்பாக ஈராண்டும் தொழிற் பயிற்சி பெறச் சட்டம் இடமளித்துள்ளது. அக்காலத்துள் ஏறத்தாழ மூன்று முறை அவர் பெயர் குடத்துக்குள் இடப்படலாம். நூறு பேர் அவ்வாறு முயல்கின்றனர் என்றும், ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 35 பேருக்குப் பெயர் விழுகின்றதென்றும் கொள்வோம். முதலாம் ஆண்டின் முடிவில் 65 பேர் எஞ்சுவர். இரண்டாம் ஆண்டில் 42 பேர். மூன்றாம் ஆண்டின் முடிவிலும் 27 பேர் பெயர் விழாதவராகவே நிற்பர். அவர்கள் ஏனைய 73 பேரிலும் பார்க்கக் கல்வியிலோ உழைப்பிலோ குறைந்தவரல்லர். சென்ற ஆண்டு தவறியமையால் இவ்வாண்டு வாய்ப்புக் கூடுமென்பதும் மயக்கமே. குடத்துக்குப் பழைய ஆண்டின் நினைவில்லை.

காத்திருப்பின் வேதனையை மிகுவிப்பது இன்னொரு வழக்கம். பெயர் விழாதோருக்கு மார்ச் மாதத்திலேயே இல்லை என்ற சொல் வருவதில்லை. பதிவு சமர்ப்பிக்கப்பட்டது என்ற நிலையே கணக்கிலே தொடர்ந்து காணப்படும். இடங்கள் நிரம்பாவிடின் இரண்டாம் முறையும் தெரிவு நடக்கலாம் என்பதே அதன் காரணம். 2023 ஆம், 2024 ஆம் ஆண்டுகளிலே கோடைகாலத்தில் அவ்வாறு இரண்டாம் தெரிவு நடந்தது. 2025 இலே நடக்கவில்லை. ஆகவே பிள்ளையின் பெற்றார் பங்குனியில் கேட்ட கேள்வியை ஆடியிலும் கேட்பர். பிள்ளையிடம் அப்போதும் விடை இராது. பிள்ளை மறைக்கின்றதென்று அவர்கள் எண்ணுதல் கூடாது.

2025 ஆம் ஆண்டிலே இம்முறை பெரிதும் மாறியது. செப்டெம்பர் 19 ஆந் திகதி வெளியான குடியரசுத் தலைவர் பிரகடனமொன்று, அமெரிக்காவுக்கு வெளியே இருப்போருக்காகச் செய்யப்படும் புதிய விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 100,000 டொலர் செலுத்தவேண்டுமெனப் பன்னிரண்டு மாத காலத்துக்கு விதித்தது. அந்நாட்டினுள்ளே மாணவராயிருந்து இவ்விசாவுக்கு மாறுவோரை இது பாதிக்காதென ஒக்டோபரில் விளக்கம் வந்தது. இதனால், வவுனியாவிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு நேரே அவ்விசாவுக்குச் செல்லும் பாதை பெரும்பாலும் அடைபட்டது. டிசெம்பரிலே வெளியிடப்பட்டு 2026 பெப்ரவரி 27 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த விதியோ குடத்தையே மாற்றியது. அதன்படி, கொடுக்கப்படும் சம்பளம் நான்கு படிகளாக வகுக்கப்பட்டு, மேற்படியில் உள்ளவரின் பெயர் நான்கு முறையும், அடிப்படியில் உள்ளவரின் பெயர் ஒரு முறையும் குடத்தில் இடப்படும். உத்தரமேரூர்ச் சபையார் ஒருவருக்கு ஓர் ஓலையே இட்டனர். இங்கே செல்வாக்குள்ள வேலைக்கு நான்கு ஓலை. புதிதாகப் பட்டம் பெற்றுச் சிறு சம்பளத்தில் தொடங்கும் இளைஞருக்கே இதனால் வாய்ப்புக் குறைகின்றது.

இனிக் கொரிய முறையை நோக்குவோம். தென்கொரியா 2004 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தொழில் அனுமதி முறையைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே அந்நாட்டுடன் உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். உற்பத்தித் தொழில், மீன்பிடி, விவசாயம், கட்டடத் தொழில் முதலிய துறைகளுக்கு இதனால் ஆட்கள் செல்கின்றனர். இலங்கையிலே இதற்குரிய ஒரே வாயில், 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமாகும். அரசாங்கமும் அரசாங்கமும் செய்துகொண்ட ஏற்பாடாகையால் தனியார் முகவருக்கு இதில் இடமில்லை.

விண்ணப்பகாரர் முதலிலே கொரிய மொழிப் பரீட்சையில் தேறவேண்டும். தேறினோர் வைத்திய பரிசோதனை முதலியவற்றை முடித்தபின், அவர்களின் பெயர்கள் வேலை தேடுவோர் பட்டியலில் சேர்க்கப்படும். இவ்விடத்திலேயே பலர் தவறுகின்றனர். பட்டியலிலே பெயர் சேர்வது வேலை கிடைப்பதாகாது. கொரிய முதலாளி முதலிலே தம் நாட்டவருள் ஆள் தேடவேண்டும். ஆள் கிடைக்காதபோதுதான் அந்நாட்டுத் தொழில் நிலையம் வெளிநாட்டவர் பட்டியலிலிருந்து, வேண்டிய தொகையிலும் மும்மடங்கானோரை முதலாளியின் முன் வைக்கும். அவர்களுள் ஒருவரை முதலாளி தெரிவார். மற்றையோர் மீண்டும் பட்டியலுக்கே திரும்புவர். தம் பெயர் ஒருவர் முன் வைக்கப்பட்டதென்பதையும் அறியாமல் இருப்பர். பரீட்சைப் பெறுபேறு ஈராண்டுக்கே செல்லும். அதற்குள் தெரிவாகாதவர் மீண்டும் பரீட்சை எழுதவேண்டும்.

கொரிய அரசு ஆண்டுதோறும் எத்தனை பேருக்கு இடம் என்று வரையறுப்பதால், காத்திருப்போரின் விதி அவர்கள் காணாத தொழிற்சாலைகளின் நிலைமையைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் நிற்கும். எல்லா நாட்டினருக்குமாக 2023 ஆம் ஆண்டுக்கு 120,000 இடங்களும், 2024 ஆம் ஆண்டுக்கு 165,000 இடங்களும், 2025 ஆம் ஆண்டுக்கு 130,000 இடங்களும் அறிவிக்கப்பட்டன. 2026 ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்டவை 80,000 மாத்திரமே. ஈராண்டிலே தொகை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. முல்லைத்தீவிலே அதே புள்ளியைப் பெற்ற இருவருள், முன்னே எழுதியவர் சென்றுவிட, பின்னே எழுதியவர் வீட்டிலிருப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

இவ்விரு முறைகளின் நடைமுறையையும் அறிந்தவருக்கு ஒன்று தெளிவாகும். பணம் வாங்கிக்கொண்டு பெயரை முன்னே தள்ளுவேன் என்று எவர் கூறினாலும் அவர் பொய் கூறுகின்றார். கணினி எடுக்கும் சீட்டை முல்லைத்தீவிலே அமர்ந்திருக்கும் தரகர் திருப்பமுடியாது. கொரிய முதலாளியின் விருப்பத்தையும் அவர் அறியார். ஆயினும் காத்திருப்போரின் உள்ளம் தளர்ந்த வேளை பார்த்தே அவர் வருகின்றார். போரினால் 2009 ஆம் ஆண்டளவில் எல்லாவற்றையும் இழந்து, பின்னர் சிறிது சிறிதாகச் சேர்த்த நகையும், மாடும், காணியும் அவ்வாறு கைமாறினால், அவற்றை மீட்பதற்கு இன்னொரு தலைமுறை உழைக்கவேண்டியிருக்கும்.

காத்திருப்போர் தம் கையால் செய்யக்கூடியவையும் உண்டு. அவற்றுள் முதன்மையானது பத்திரங்களைச் சீர்செய்தல். இடப்பெயர்வின்போது பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ் முதலியவற்றை இழந்த குடும்பங்கள் வன்னியிலே பல. பின்னர் பெற்ற பிரதிகளிலே தந்தையின் பெயர் முன்னும் பின்னுமாக மாறியிருத்தலும், ஆங்கில எழுத்துகள் வேறுபட்டிருத்தலும் உண்டு. தமிழர் பெயரிலே தந்தை பெயரே முதலெழுத்தாக நிற்பதால் இக்குழப்பம் மேலும் மிகும். அமெரிக்கப் பதிவிலே காட்டிய கடவுச்சீட்டின் விவரமும் பின்னர் அனுப்பும் விண்ணப்பத்தின் விவரமும் ஒத்திருக்கவேண்டும். பெயர் விழுந்தபின் எழுத்துப் பிழையைத் திருத்த ஓடுபவருக்கு 90 நாட்கள் மிகக் குறுகியவை. திருத்தத்துக்குரிய காலம் காத்திருக்கும் காலமே.

இரண்டாவது, காத்திருப்புக்கு ஓர் எல்லை குறித்தல். அமெரிக்காவில் மூன்றாம் முயற்சி, கொரியப் பட்டியலில் ஈராண்டு என்று எல்லைகள் சட்டத்திலேயே இருக்கின்றன. அவ்வெல்லை கடந்தால் செய்யவேண்டியது யாது என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே கூடிப் பேசிவைத்தல் நன்று. கடன் வாங்குவதாயின், பெயர் பட்டியலில் ஏறியபோதன்று, தொழில் ஒப்பந்தம் கைக்கு வந்தபின் வாங்குவதே அறிவு. திருமணப் பேச்சையும், தம்பி தங்கையரின் படிப்பையும் அம்முடிவு வரும்வரை நிறுத்திவைத்தலும் தக்கதன்று. ஒருவரின் சீட்டுக்காக ஒரு வீடு முழுவதும் நின்றுவிடுதல் கூடாது.

மூன்றாவது, முடிவு வந்தபின் ஊரார் நடந்துகொள்ளும் முறை. பரீட்சையிலே தவறியவரை மேலும் படி என்று கூறலாம். முதலாளி தெரியாதவரை இன்னும் ஒரு தொழில் பழகு எனலாம். சீட்டு விழாதவரிடமோ என்ன குறை விட்டாய் என்று கேட்பதில் பொருளில்லை. பெற்ற பட்டமும் பழகிய தொழிலும் அவரிடமே இருக்கின்றன. அவற்றைக் கொள்ளக்கூடிய வேறு நாடுகளும், கிளிநொச்சியிலே வேறு பணிகளும் இருக்கக்கூடும்.

இரணைமடுவின் கீழ்க் கமக்காரர் இவ்வுண்மையை ஆண்டுதோறும் கைக்கொண்டே வாழ்கின்றனர். காலபோகம் முடிந்தபின் குளத்திலே எஞ்சிய நீரைப் பார்த்தே, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிப்பர். நீர் குறைந்த ஆண்டிலே எல்லா வயலுக்கும் பங்கு கிடையாது. பங்கு கிடையாத கமக்காரர் தாம் கெட்ட கமக்காரரென்று எண்ணுவதில்லை. கூட்டத்தின் முடிவு தெரியும்வரை மண்வெட்டியை மூலையிலே சாத்தி வைப்பதுமில்லை. மேட்டுக்காணியிலே வேறு பயிரிட்டுக்கொண்டு, அடுத்த மாரிக்கு வரம்பையும் வாய்க்காலையும் திருத்தி வைக்கின்றனர்.